கரண்டு மத்து

"இதை நம்பி வாங்கலாமா கண்ணு?" என்று சிகாமணி கேட்டார். கேட்ட பிறகுதான், பக்கத்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டும் இதே கேள்வியைத்தானே கேட்டோம் என்று உறைத்தது. கடைப்பெண் முகம் சுளிக்கவில்லை. சட்டையில் குத்தியிருந்த தகட்டில் பிருந்தா என்று இருந்தது. "தாராளமா வாங்கலாங்க சார்" என்றாள் இதற்கும். இரண்டையும் தாராளமாக வாங்கலாம் என்றால் ஒன்றை வாங்குவது எப்படி? கிராஸ்கட் ரோட்டில் இந்தக் கடைக்குள் அவர் நுழைந்தபோது வெயில் வாசற்படியில் கிடந்தது. இப்போது மிக்ஸிகள் அடுக்கிய தட்டுவரைக்கும் ஏறி வந்துவிட்டது. ஹேண்ட் பிளெண்டர். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விவரம் சொல்கிற அம்மாள் சொன்ன பெயர். கைக்கு அடக்கமாக ஒரு பிடி, பிடிக்குள் மோட்டார், அதிலிருந்து இறங்குகிற நீளத் தண்டு, தண்டின் நுனியில் கவிழ்த்த கிண்ணம், கிண்ணத்துக்குள் பதுங்கியிருக்கும் பிளேடு. அவ்வளவுதான் சாமான். ஆனால் சிகாமணிக்கு மில்லில் ஸ்டோர்ஸ் வேலை. நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் எந்த மெஷினும் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வராது. உடைந்ததும் தேய்ந்ததும் கருகியதும்தான் எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டு அவரைப் பார்க்க வரும். அப்படியே பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எந்தப் புதுச் சாமானைக் காட்டினாலும் அது முதலில் உடைந்த கோலத்தில்தான் தெரிகிறது. இந்த வெள்ளைப் பிடியில் மோட்டாரும் தண்டும் சேருகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கிறதே, அது தேயும். தேய்ந்தால் சத்தம் மட்டும் வரும், வேலை நடக்காது. பிளாஸ்டிக் தண்டாக இருந்தால் கொதிக்கிற பாத்திரத்தில் விடமுடியாது, ஒருநாள் மறந்துபோய் விடுவோம், நெளியும். இந்தப் பக்கத்தில் இருப்பது எவர்சில்வர் தண்டு, சரி, ஆனால் கிண்ணத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் கீறல்கள், அதற்குள் ஏதாவது போய் ஒளிந்துகொண்டால்? ஒளிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதுதான் ஞாயிற்றுக்கிழமை தெரிந்துபோயிற்றே.

ஞாயிற்றுக்கிழமையை நினைக்கக் கூடாது என்று நினைத்ததும் ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்தில் நின்றது. காலையில் தோசைக்குத் தனக்காக ஒரு தேங்காய்ச் சட்னி, பச்சை மிளகாய் போட்டு. அதற்கு மேல் ஒரு பாவமும் செய்யவில்லை. மத்தியானம் அக்காவுக்காகப் பருப்பையும் சாதத்தையும் குழைய வேகவிட்டு அதே ஜாரில் போட்டு அரைத்தார். ஜாரைக் கழுவாமல் இல்லை. தண்ணீர் மாற்றி மாற்றி அலசினார், மோந்துகூடப் பார்த்தார். மூடிக்கு அடியில் ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது, அதைக் கழற்ற முடியும், கழற்றிக் கழுவ வேண்டும் என்பது இத்தனை வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்ட மனுஷனுக்குத் தெரியவில்லை. வளையத்துக்குள் மிளகாய்த் தோல் ஒரு துணுக்கு, நகத்தளவு இருக்குமா, அதுகூட இராது. மற்றவர்கள் வாயில் பட்டால் காரம் என்றே தெரியாது. வள்ளியக்காவுக்கு வாய் முழுக்க வெந்து தோலுரிந்து கிடக்கிறது. கழுத்துக் கட்டிக்குக் கரண்டு வைத்து, அதாவது ரேடியேஷன் கொடுத்து, முடித்த பிறகு தண்ணீரே சில நாள் எரிந்தது. ஒரே ஒரு ஸ்பூன்தான் வாய்க்குள் போயிற்று. அக்காவின் கண் அகலமாகி, அப்படியே நின்று, பிறகு இரண்டு பக்கமும் கொட்டியது. அவர் தண்ணீர், பால், மோர் என்று ஓடி ஓடிக் கொண்டுவந்தார். அக்கா திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. திட்டுவது என்பது அக்காவின் ஆரோக்கியம். மாமா போன பிறகு அக்கா இந்த வீட்டுக்கு வந்து, வந்த நாள் முதலாகச் சமையல்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தம்பியின் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் நின்றேபோன பிறகும் அவருக்கு ஆக்கிப்போட்டது எல்லாம் திட்டோடு சேர்த்துத்தான். "கரண்டி எங்கிருக்குன்னு தெரியுமாடா உனக்கு? வாயி மட்டும் கரெக்டா தட்டுக்கு வந்துருது." அந்த அக்கா அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். அப்புறம் பால்தான், அதுவும் பாதி டம்ளர். வேறெது கொண்டுபோனாலும் வாயைத் திறக்காமல் இரண்டு விரலை ஆட்டுவாள். ஒருமுறை மட்டும் காற்றுபோலச் சொன்னாள்: "பசிக்கலை."

பசிக்காமல் எப்படி இருக்கும்? வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பார்கள். டாக்டரம்மா நல்லவர்தான், ஆனால் தராசு டாக்டரம்மா பேச்சைக் கேட்காதே. "வாய் வழியாவே சாப்பிட்டு எடையைக் காப்பாத்திட்டா போதும். இதுக்கு மேல குறைஞ்சா மறுபடி மூக்குல ட்யூப் போடற மாதிரி ஆயிரும், பாத்துக்கங்க" என்றார். அந்தக் குழாயை எடுத்த அன்றைக்கு அக்கா கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்று மூக்கைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புது மூக்குத்தி போட்டவள் மாதிரி. திரும்பி இவரிடம் சொன்னாள், இன்னொரு தடவை இதைப் போட்டாங்கன்னா நான் பொழைச்சு என்னத்துக்குடா என்று. ஆகவே இன்று செவ்வாய்க்கிழமை, அரைநாள் லீவு போட்டுவிட்டு, சிகாமணி இந்தக் கடையில் நிற்பது ஒரு சாமான் வாங்க அல்ல. அது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அவள், சூப்பு, லஸ்ஸி, குழந்தைங்களுக்கு ஃபுட்டு எல்லாம் செய்யலாங்க சார் என்று அடுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தைகளுக்கு ஃபுட்டு. அதுதான் அக்காவுக்குக் கசந்திருக்கிறது. மிளகாய்த் துணுக்கு ஒரு சாக்கு. அதற்கு முன்பே, மிக்ஸியிலிருந்து வழித்து எடுத்த அந்தச் சாம்பல் நிறக் கூழைக் கொண்டுபோய் வைக்கிறபோதெல்லாம் அக்கா அதை ஒரு பார்வை பார்ப்பாள். சாதத்தை மிக்ஸியில் விட்டால் பசை. மில் கேண்டீன் சுவரில் நோட்டீஸ் ஒட்ட அப்படித்தான் காய்ச்சுவார்கள். ஊருக்கே ஆக்கிப்போட்டவளுக்குப் பசையை வைத்துவிட்டு, பசிக்கலையா பசிக்கலையா என்று கேட்டால்?

"வயர் நீளம் பாருங்க சார், எட்டலைன்னா சங்கடம்" என்றாள் பிருந்தா. "அடுப்புலேருந்து ப்ளக் பாயிண்ட் எவ்வளவு தூரமுங்க?" சிகாமணி சமையல்கட்டை மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தார். ஜன்னல் தெரிந்தது, ஜன்னலில் அக்கா வைத்திருக்கும் கற்பூரவல்லித் தொட்டி தெரிந்தது, அடுப்பு, அடுப்புக்குப் பின்னால் எண்ணெய் தெறித்த சுவர், அந்தச் சுவரில் முருகன் காலண்டர். ப்ளக் பாயிண்ட் எங்கே? மிக்ஸியை நேற்றுகூடத்தான் ஓட்டினோம், எதில் சொருகினோம்? கை தன்பாட்டுக்குச் சொருகியிருக்கிறது, கண் பார்க்கவில்லை. மில் ஸ்டோர்ஸில் இருட்டில்கூட எந்தத் தட்டில் எந்த பேரிங் என்று சொல்கிறவருக்குத் தான் வாழ்கிற வீட்டில் கரண்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. இது என்ன பிழைப்பு? வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலேயே போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். பேசினால் அக்காவுக்குத் தொண்டை வலிக்கும் என்பதால் இருவருக்குள்ளும் ஒரு ஏற்பாடு. ஆமாம் என்றால் வளையலால் போனில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு. "அக்கா, நாந்தான். அடுப்புக்குப் பக்கத்துல ப்ளக் இருக்குதல்ல, அது ஜன்னலுக்கு இந்தப் பக்கமா, இக்கட்டாலயா?" டக், டக். "அக்கட்டாலயா?" அக்கா சிரிக்கிறாளா, முறைக்கிறாளா? டக். "தூரமாக்கா? ஒரு கை நீளம் வருமா?" டக். பிருந்தா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தட்டுச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். அந்த ஒவ்வொரு தட்டும் எவ்வளவு தெளிவாக இருக்கிறது! இரண்டு நாளாகப் பாதி டம்ளர் பாலைத் தவிர எதுவும் உண்ணாத கையா இது? போனை வைக்கலாம் என்று நினைத்தார், வைக்க மனசு வரவில்லை.

"கொஞ்சம் ஓட்டிக் காட்டட்டுங்களா?" என்று அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, தண்டை உள்ளே விட்டுப் பட்டனை அழுத்தினாள். ரொய்ங் என்று கிளம்பி உம்ம்ம் என்று ஒரே சுருதியில் நின்றது. தண்ணீரின் நடுவில் குழி விழுந்து சுழன்றது. சிகாமணி பேரிங் சத்தத்துக்காகக் காதைத் தீட்டினார், ஆனால் காது வேறு இடத்துக்குப் போய்விட்டது. அந்த உம்ம்ம். ஆஸ்பத்திரியில் கரண்டு வைக்கிற அறையின் கனமான கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும், உள்ளே அக்கா தனியாகப் படுத்திருப்பாள், முகத்தை வலைமூடி போட்டு மேஜையோடு பூட்டியிருப்பார்கள், சுவருக்குள்ளிருந்து இதே சத்தம் வரும். ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தம் நடுவில் தடைப்படுமா, விக்குமா, நின்றுபோகுமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். "நிறுத்து கண்ணு, நிறுத்து" என்றார். தானே எதிர்பார்க்காத உரத்த குரல். அவள் பயந்துபோய் விரலை எடுத்தாள். "சத்தம் ஜாஸ்தியா இருக்குங்களா சார்?" இல்லை, இல்லை. ஜாஸ்தி இல்லை. சுருதி சுத்தமாக இருக்கிறது. தண்ணீர் மெல்ல மெல்லச் சுழற்சி குறைந்து சமமாயிற்று. சமமான தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. அந்தச் சத்தமும் ஒருநாளும் விக்கவில்லையே. சொன்ன நாள் அத்தனையும் ஓடி, சொன்ன நாளில் நின்றது. ஒருநாள் அங்கே வேலை பார்க்கிற பையனைப் பிடித்து, தம்பி மெஷின் நல்லா ஓடுதல்ல என்று கேட்டதற்கு அவன், "தினமும் காத்தாலே செக் பண்ணித்தான் ஆளை உள்ளே விடறமுங்க, நீங்க டீ சாப்பிட்டு வாங்க" என்றான். நம்பவில்லை. டீ சாப்பிடவும் போகவில்லை. ஆனால் மெஷின் நம்புகிறவனுக்கு ஒரு மாதிரி, நம்பாதவனுக்கு ஒரு மாதிரி என்றா ஓடும்? அது பாட்டுக்கு ஓடியது. அதனால்தான் இன்று அக்கா வீட்டில் உட்கார்ந்து வளையலைத் தட்டுகிறாள்.

போன் இன்னும் காதில்தான் இருந்தது. வைக்கவில்லை. அந்தப் பக்கம் அக்காவும் வைக்கவில்லை. மூச்சு கேட்டது. டக், டக், டக் என்று மூன்று தட்டு வந்தது. மூன்றுக்கு ஏற்பாடே இல்லை. என்ன சத்தம் அது என்கிறாளா? "அதான்க்கா, உனக்கு வாங்கற மெஷினு. கைல புடிச்சுப் பாத்திரத்துக்குள்ளயே விடறது. ஜாரும் கெடையாது, மூடியும் கெடையாது, ரப்பர் வளையமும் கெடையாது." எப்படிப் புரியவைப்பது? நீளமாக ஒரு தண்டு, அடியில் கிண்ணம், அது சுத்தும். சுத்தி? சுத்தி என்ன செய்யும்? பிருந்தா கையில் அது தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது, நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அப்படிச் சொட்டுகிற ஒன்றை இதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறோம். சட்டிக்குள் நட்டு, கால் இடுக்கில் சட்டியை அணைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் உருட்டி உருட்டி, தூக்கினால் நுனியிலிருந்து கீரைச் சாறு சொட்டும். "மத்து மாதிரிக்கா. கரண்டுல ஓடற மத்து. அடுப்புலயே வெச்சுக் கடையறது." அந்தப் பக்கத்திலிருந்து, இரண்டு நாளாக வராத குரல், துருப்பிடித்த கீல்போல, ஆனால் அக்காவின் குரலேதான்: "அட கிறுக்கா. அப்பிடிச் சொல்றதுக்கென்ன? பிளெண்டரு கிளெண்டருன்னு ஆஸ்பத்திரிச் சாமானம் மாதிரி. கடையறதா?" "ஆமாக்கா, கடையறது." "அப்பக் கடைசல் வெக்கலாமல்ல?" பேசாதேக்கா, தட்டினாப் போதும் என்று சொல்ல வாயெடுத்தவரை அவள் விடவில்லை. அக்கா நிறுத்தி நிறுத்தி, எச்சில் கூட்டி விழுங்கி, பேசினாள். "கீரையோ பயறோ, நம்மூட்டுல எல்லாமே கடைஞ்சதுதானடா. நீ பொறந்ததுலேருந்து தின்னதே அதான். அதென்னமோ எனக்குன்னு தனியாப் பசை காச்சிட்டிருக்கே." இவருக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் நிறைந்தது. எத்தனை நாள் யோசித்தோம், என்னென்ன கேட்டோம்! பல் இல்லாதவருக்கும் பல் இருக்கிறவருக்கும் ஒரே சட்டியிலிருந்து ஊற்றுகிற குழம்பு ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. ஒரு சட்டி வைத்து, அதிலேயே கடைந்து, அக்காவுக்கு மையாக, தனக்கும் அதிலேயே. தனித் தட்டு கிடையாது, தனி ஜார் கிடையாது, தனக்கென்று பச்சை மிளகாயும் கிடையாது. அவள் வாய் ஆறுகிறவரைக்கும் இந்த வாய்க்கும் காரம் வேண்டாம். "டேய்" என்றாள் அக்கா. "இருக்கேங்க்கா." "வர்றப்ப அரசாணிக்காய் ஒரு கீத்து வாங்கிட்டு வா. நல்லாப் பழுத்ததாப் பாத்து. மொளகா வேண்டாம்." அரசாணிக்காய் என்றால் மஞ்சள் பூசணி. வெந்தால் வெண்ணெய். தனக்கு இது வேண்டும் என்று அக்கா வாயால் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று.

"இதையே போட்டிரு கண்ணு, எவர்சில்வர் தண்டு" என்றார். பிருந்தாவுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பல் தேயுமே என்று உள்ளே ஸ்டோர்ஸ்காரன் முனகத்தான் செய்தான். தேயட்டும். அவள் டப்பாவைத் திறந்து சாமான் சரியாக இருக்கிறதா என்று எடுத்துக்காட்டினாள். தண்டை எப்படித் திருகிக் கழற்றுவது, கழற்றிய தண்டைக் குழாயடியில் கழுவலாம், பிடியில் மட்டும் தண்ணீர் படக்கூடாது, ஒரே மூச்சாக ஓட்டாமல் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தி நிறுத்தி ஓட்டணும் என்றாள். கொஞ்சம் கொஞ்சமா, நிறுத்தி நிறுத்தி. அக்காவுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லிக்கொடுத்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். "ரெண்டு வருஷம் வாரண்டிங்க சார்." வாரண்டி அட்டையில் சீல் குத்தித் தேதி போட்டு நீட்டினாள். சிகாமணி அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டு நின்றார். ரெண்டு வருஷம். டாக்டரம்மாவும் அதைத்தானே சொன்னார். இப்போதைக்கு ஸ்கேனில் ஒன்றும் இல்லை, முதல் ரெண்டு வருஷம்தான் கவனமாக இருக்கணும், அதைத் தாண்டிவிட்டால் பயம் பாதி போய்விடும் என்று. தாண்டிருமா டாக்டர், நம்பலாமா என்று இவர் கேட்டதற்கு, பேனாவை மூடி வைத்துவிட்டு, "சாப்பிட வைங்க முதல்ல" என்றார். சீல் குத்தித் தர அவரிடம் அட்டை இல்லை. இந்தப் பெண்ணிடம் இருக்கிறது, இந்த மெஷினுக்கு. அப்படியானால் கணக்கு இப்படி: தினமும் கடையவேண்டும். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று. வாய் ஆறும், ஆறிய பிறகும் கடைசல் கடைசல்தான், விடுவதில்லை. ஓடி ஓடி வாரண்டி ஒருநாள் முடியும். முடிந்த மறுவாரம், எந்த மெஷினும் அப்படித்தான், வாரண்டிக்காகக் காத்திருந்த மாதிரி அந்தப் பிளாஸ்டிக் பல் தேய்ந்து, சத்தம் மட்டும் வந்து, வேலை நின்றுபோகும். அன்றைக்கு அக்கா, "வாங்கறப்பவே சொன்னேன் நல்லாப் பாத்து வாங்குடான்னு" என்று வாசல்வரைக்கும் வந்து திட்டுவாள். சொல்லியிருக்க மாட்டாள், ஆனாலும் திட்டுவாள். முழுக் குரலில். இவர் அதை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டு இந்தக் கடைக்கு வருவார். உடைந்த சாமான் ஒன்றைப் பார்த்து இவ்வளவு ஆசைப்பட்டது இத்தனை வருஷ ஸ்டோர்ஸ் வேலையில் இதுதான் முதல் தடவை. "கண்ணு, ரெண்டு வருஷங் கழிச்சும் நீ இங்கதான் இருப்பியா?" "தெரியலீங்க சார். ஏனுங்க?" "ரிப்பேருக்குக் கொண்டாருவேன்." "ஐயோ, இது அவ்வளவு சீக்கிரம் ரிப்பேர் ஆகாதுங்க சார், நீங்க வேற." "ஆகணும் கண்ணு" என்றார் சிகாமணி. "ஓட்டி ஓட்டித் தேஞ்சு, ஆகணும்." அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். போனில் தட்டுச் சத்தம் கேட்டவள்தானே. ஏதோ புரிந்த மாதிரி, பையில் போடுமுன் டப்பாவை ஒருமுறை துணியால் துடைத்தாள்.

வெளியே வந்தால் வெயில் சாய்ந்து ரோடு முழுக்க மஞ்சளாக இருந்தது. சிங்காநல்லூர் பஸ் ஒன்று நிறைந்து போயிற்று, அடுத்தது வரட்டும். ரோட்டோரத்தில் தள்ளுவண்டிக்காரம்மா ஒருத்தி ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு பழுத்த அரசாணிக்காயைப் பிளந்து வைத்திருந்தாள். உள்ளே விதையும் நாருமாக, சூரியனை அறுத்து வைத்த மாதிரி. சிகாமணி பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காயின் தோலை நகத்தால் கீறிப் பார்த்தார். நல்லதுதானா, நாறிப்போகுமா, வீட்டுக்குப் போய் அறுத்தால் உள்ளே… "நம்பி வாங்குங்க சாமி" என்றாள் அந்தம்மா, கேட்காமலேயே. வியாழக்கிழமை ஒரு மூலையில் நின்றுகொண்டுதான் இருந்தது. தராசு முள் எந்தப் பக்கம் சாயுமோ? ஒரு கீற்று அரசாணிக்காய் முள்ளை எவ்வளவு தூரம் நகர்த்தும்? தெரியாது. தெரியாமலேயே, "ஒரு கீத்து வெட்டுங்க" என்றார். கத்தி காய்க்குள் இறங்குகிற நேரம் பார்த்துப் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார், தட்டுக்குக் காத்திருந்தார். ஒன்றா, இரண்டா? தட்டு வரவில்லை. "ஏன்டா, கடையையே வெலை பேசிட்டிருக்கியா?" என்றது அந்தத் துருக்குரல். கொஞ்சம் மூச்சு வாங்கியது, விழுங்கியது. "பசிக்குது."

"அம்மா, அம்மா, கத்தியை நிறுத்துங்க" என்றார் சிகாமணி. "இன்னும் தள்ளி வையுங்க. பெருசா வெட்டுங்க, ரெண்டு பேருக்கு."